31ஆம் நாள் நினைவு மலர்: அச்சகம் தருவதும் நாம் கேட்டு வாங்க வேண்டியதும்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில், மாத முடிவுக் கிரியைகளான அந்தியேட்டி கீரிமலையில் முடிந்து, வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறிய பிறகு, வந்திருப்பவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். பழைய ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். அச்சகங்கள் இப்போது நினைவு மலர் என்ற பெயரில் அதை முழுச் சேவையாகவே செய்து தருகின்றன. இறந்தவரின் படம், பிறந்த திகதி, இறந்த திகதி, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், இவ்வளவையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். துக்க வீட்டுக்கு இது பெரிய உதவிதான். நேரம் தவறுவது அரிது. அட்டை பளிச்சென்று வரும். கறுப்பு வெள்ளைப் பழைய படத்தையும் துப்புரவாக்கித் தருவார்கள். இந்த அளவில் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

குறை பாடல் பக்கங்களில்தான் இருக்கிறது. நினைவு மலரின் உயிரே அந்தப் பக்கங்கள். ஒரு மாதமாகத் துடக்குக் காத்து, கோயில் வாசல் மிதிக்காமல் இருந்த குடும்பம் மறுபடி வாய்விட்டு இறைவனைப் பாடும் நாள் அது. அழுத கண்ணோடு பாடுபவர் கையில் இருக்கிற பக்கம் எழுத்துப் பிழையோடும், கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்திலும் இருந்தால், பாட்டு இரண்டாம் அடியிலேயே நின்றுவிடும். நாலு பேர் முணுமுணுப்பார்கள், மற்றவர்கள் படத்தைப் புரட்டுவார்கள். ஆகவே இந்தச் சேவையை நாங்கள் மதிப்பிடுவது ஒரே அளவுகோலால்: இந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பாட முடியுமா?

வழக்கமான அமைப்பு எல்லா அச்சகங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். படம், திதி வெண்பா (இறந்த திதியைச் சொல்லும் பாட்டு), விநாயகர் துதி, பஞ்சபுராணம், திருப்புகழ், வாழ்த்து, சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், நன்றி நவிலல். பஞ்சபுராணத்துக்குத் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொரு பாட்டு. வாழ்த்துக்குக் கந்தபுராணத்து 'வான்முகில் வழாது பெய்க'. கணினியில் ஆயத்தமாக வைத்திருக்கும் இந்தத் தொகுப்பில் படத்தையும் பெயர்களையும் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. முறை சரிதான். ஆனால் பாடல் தேர்வு யாரோ எப்போதோ செய்துவைத்தது. அந்த வீட்டின் துயரத்தைப் பார்த்துச் செய்ததல்ல.

இதில் பெரிய இழப்பு, பதிகத்தின் முதற்பாட்டை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது. அப்பர் சூலைநோயில் துடித்தபடி திருவதிகையில் பாடியது 'கூற்றாயினவாறு' பதிகம்; நான்காம் திருமுறையின் முதல் பதிகம் அதுதான். அதன் முதற்பாட்டு முறையீடு: வலி தாங்க முடியவில்லை, விலக்கிவிடு என்கிறது. பத்துப் பாட்டில் ஆறாவதற்கு வந்தால்தான் 'நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்' என்ற அடி கிடைக்கிறது. வலி இன்னும் போகவில்லை, அதற்குள்ளேயே நின்று சொல்கிற சொல் அது. 31ஆம் நாள் வீட்டுக்கு வேண்டிய பாட்டு இந்த ஆறாவது. ஆயத்தத் தொகுப்புகளில் தேடினால் அது இருக்காது.

சம்பந்தர் திருவாவடுதுறையில் பாடிய 'இடரினும் தளரினும்' பதிகத்துக்கும் இதே கதிதான். இரண்டாம் பாட்டு 'வாழினும் சாவினும் வருந்தினும்' என்று தொடங்குகிறது. சாவை நேரே பெயர் சொல்லி, அப்போதும் உன் கழலை விடமாட்டேன் என்கிற பாட்டு. அந்தப் பதிகம் முழுவதும் பாட்டுக்குப் பாட்டு 'இதுவோ எமை ஆளுமாறு' என்று இறைவனைக் கேள்வி கேட்டபடியே போகும். தந்தையார் செய்யவிருந்த வேள்விக்குப் பொருள் வேண்டிப் பாடியது என்பது வரலாறு. கேள்வியையும் துதியையும் ஒரே பாட்டில் வைக்கலாம் என்று சம்பந்தரே காட்டியிருக்கும்போது, துக்க வீட்டில் அதைச் சுருக்க என்ன தேவை? பதினொரு பாட்டும் ஏ5 அளவில் நாலு பக்கத்துக்குள் அடங்கும்.

அப்பரின் 'மாசில் வீணையும்' சுண்ணாம்பு நீற்றறைக்குள் பாடியது; 'சொற்றுணை வேதியன்' கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டபோது பாடியது. இந்த இரண்டும் சேர்ந்தால் பஞ்சபுராணத்துக்கு வெளியே வேறு தேவாரம் தேட வேண்டியதில்லை. 'காதலாகிக் கசிந்து' பெரும்பாலான மலர்களில் ஏற்கெனவே இருக்கிறது. அது சம்பந்தர் நல்லூர்ப்பெருமணத்தில், தம் திருமண நாளில், சோதியில் கலக்கும் வேளையில் பாடியது. ஆகையால் அதை விட்டுவிட வேண்டாம். துக்க வீட்டில் பல்லாண்டு பாடலாமா என்று தயங்கித் திருப்பல்லாண்டை எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. பல்லாண்டு கூறப்படுவது சிவனுக்கு. எடுத்துவிட்டால் பஞ்சபுராணம் நாலாகக் குறைந்துவிடும்.

ஒவ்வொரு பதிகத்துக்கும் மேலே பண்ணின் (பழந்தமிழ் இராகத்தின்) பெயரைப் போடச் சொல்லுங்கள். 'கூற்றாயினவாறு' கொல்லி, 'இடரினும் தளரினும்' காந்தாரபஞ்சமம், 'காதலாகி' கௌசிகம். பண் தெரிந்த ஒருவர் சபையில் இருந்தால் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே குரல் எடுத்துவிடுவார்.

அடுத்தது எழுத்துப் பிழை. இதற்குப் பொன்ட் (எழுத்துரு) தான் முதற்காரணம். இங்குள்ள பல அச்சகங்களில் பழைய வேலைகள் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பொன்ட்டில் இருக்கின்றன. நாம் அனுப்புவது யூனிகோட். இரண்டையும் ஒன்றில் ஒன்றாக மாற்றும்போது நிறுத்தக்குறிகள்தான் முதலில் கெடும். பாமினியில் 'இ' எழுத்து இருப்பது காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில். ஆகவே யூனிகோடில் நீங்கள் இட்ட காற்புள்ளிகள் அப்படியே 'இ' ஆகிவிடும். 'மகன்இ மகள்இ மருமகன்' என்று அச்சான மலர்கள் எத்தனையோ. காலும் ரகரமும் மாறுவது, ஒற்றின் புள்ளி விழுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. வட்ஸ்அப் செய்தியாக மட்டும் அனுப்பாமல், எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்பதைக் காட்டும் பிடிஎப் ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டால் தட்டச்சு செய்பவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

பொன்ட்டுக்கு அப்பாற்பட்ட பிழையும் உண்டு. தட்டச்சு செய்பவர் நல்லெண்ணத்தோடு திருத்துவதால் வருவது அது. சிவபுராணத்தின் முதல் அடி 'நமச்சிவாய வாஅழ்க'. நடுவில் இருக்கும் அகரம் அளபெடை. பிழையென்று நினைத்து அதை எடுத்துவிட்டால் ஓசை ஒரு மாத்திரை குறைந்து, எல்லாரும் சேர்ந்து பாடும்போது முதல் அடியிலேயே குரல்கள் பிரியும். 'இடரினும் தளரினும்' பதிகத்து 'உனகழல்' என்பது 'உன் கழல்' ஆகும். சிவபுராணத்து 'புல்லாகிப் பூடாய்' என்பது 'பூண்டாய்' ஆகும். இவை கண்ணால் வாசித்தால் பிடிபடாது. புரூப்பை, அதாவது அச்சுக்கு முந்திய திருத்தப்படியை, பாடிப் பார்க்க வேண்டும். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே பிழை இருக்கிறது. அதையும் அந்த வீட்டார் செய்வதைவிட, பாடத் தெரிந்த அயலவர் ஒருவர் செய்வது நல்லது. துயரத்தில் இருப்பவர் கண் தெரிந்த சொல்லைத் தாண்டிப் போய்விடும்.

எழுத்தளவு பாடலுக்கு 12 புள்ளிக்குக் குறையக்கூடாது. 13 என்றால் முதியவர்களுக்கு நிம்மதி. ஆயத்தத் தொகுப்பில் பாடல் 9, 10 புள்ளியில் நெருக்கி இருக்கும், வாழ்க்கை வரலாறு 12இல் தாராளமாக இருக்கும். இதை மாற்றிப் போடச் சொல்ல வேண்டும். வரலாற்றை வீட்டில் போய் ஆறுதலாக வாசிக்கலாம். நீண்ட அடிகளை இடம் இல்லாத இடத்தில் முறிக்காமல், அரையடியில் மடித்து இரண்டாம் பாதியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அமைக்க வேண்டும். ஒரு பாட்டு இரண்டு பக்கத்தில் பிரியவே கூடாது.

சிவபுராணம் 95 அடி. ஏ5 பக்கத்தில் மேலும் கீழும் 15 மில்லிமீற்றர் விட்டால், 12 புள்ளி எழுத்து 16 புள்ளி இடைவெளியில் ஏறத்தாழ 31 அடி கொள்ளும். மூன்று பக்கத்தில் திணித்து நாலாம் பக்கத்தில் இரண்டே அடி தொங்கவிடுவதைவிட, பக்கத்துக்கு 24 அடியாக நாலு பக்கத்தில் அமைப்பது மேல். அதையும் இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்க வேண்டும். அப்போது திறந்தபடி இரண்டு பக்கம், ஒரே ஒரு புரட்டல், மறுபடி இரண்டு பக்கம் என்று முடிந்துவிடும். வலப்பக்கத்தில் தொடங்கினால் இரண்டு தரம் புரட்ட வேண்டும். ஒவ்வொரு புரட்டலிலும் சபையின் குரல் தளரும்.

தாளும் கட்டும் பற்றி. இப்போது அச்சகங்கள் அதிகம் பரிந்துரைப்பது உள்ளே முழுக்க ஆர்ட் தாள், பல வண்ணம், முதுகில் பசை வைத்த கட்டு. மேசையில் வைக்க அழகு. பாடக் கையில் எடுத்தால் விரித்தபடி நிற்காது; இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும். மின்விளக்கின் கீழ் தாள் மினுங்கி எழுத்து மறையும். நடுவில் கம்பி தைத்த கட்டுத்தான் இந்த வேலைக்குச் சரி. அதற்குப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும். 45 பக்கம் கொடுத்தால் மூன்று வெற்றுப் பக்கம் வரும். 80 கிராம் தாளில் (சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள தாள்) 64 பக்கத்தைத் தாண்டினால் உட்தாள்கள் வெளியே பிதுங்கி, ஓரம் வெட்டும்போது எழுத்தும் போகும் அபாயம் உண்டு. வண்ணப்படங்கள் வேண்டுமானால் நடுவில் ஒரு நாலு பக்கத்துக்கு மட்டும் ஆர்ட் தாள் போடச் சொல்லலாம்.

எடை வெளிநாட்டுக்கு அனுப்புபவர்களுக்கு முக்கியம். 48 பக்கம், உள்ளே 80 கிராம் தாள், 250 கிராம் அட்டை என்றால் ஒரு படி சுமார் 75 கிராம். 200 படி 15 கிலோ. அதே மலரை 130 கிராம் ஆர்ட் தாளில் அடித்தால் 22 கிலோவைத் தாண்டும். விமானப் பயணப் பொதியில் இது பெரிய வித்தியாசம்.

திதி வெண்பாவில் தவறு வந்தால் அது ஆண்டாண்டுக்கும் தொடரும், ஏனெனில் பிள்ளைகள் திவசத்துக்குப் பார்ப்பது அதைத்தான். வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி என்ற நாலும் இருக்க வேண்டும். எந்தக் கணிப்பு முறை, வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா, என்பதைக் குடும்பத்துக் குருக்களிடம் கேட்டு முடிவு செய்த பிறகே வெண்பா எழுதக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இறந்தவர் என்றால் இறந்த இடத்தையும் அவ்விடத்து நேரத்தையும் குருக்களிடம் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் இலங்கை நேரத்தில் இருக்கிறது. ரொறன்ரோ நேரம் அதற்குக் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி பின்னே. அங்கே இரவு என்றால் இங்கே மறுநாள் காலை, திதியே மாறியிருக்கலாம்.

புலம்பல் பகுதியில் ஆயத்தப் பாட்டுகளைப் பெயர் மாற்றிப் போடுவதால் ஓசை கெடுகிறது, சில வேளை தாய்க்கு எழுதியதில் 'ஐயா' என்ற விளி நின்றுவிடுகிறது. நல்ல புலம்பல் எழுதுபவர் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் தங்கள் சொந்த உரைநடையில் நாலு வரி எழுதுவது எவ்வளவோ மேல்.

கால அட்டவணை இப்படி இருந்தால் நெருக்கடி வராது. முதல் வாரத்தையொட்டிய சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் படங்களும் பெயர்களும் சேர்க்கத் தொடங்கி, 15ஆம் நாளுக்குள் முழு எழுத்தும் அச்சகத்துக்குப் போக வேண்டும். 20ஆம் நாளளவில் புரூப். ஒரு திருத்தம் போட்டு இரண்டாம் புரூப்பைக் கட்டாயம் கேட்க வேண்டும். முதல் திருத்தத்தில் புதுப்பிழை நுழைவது வழமை. 28ஆம் நாள் படிகள் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு படி என்று கணக்கிட்டு, ஆண்டுத் திவசத்துக்கும் வெளிநாட்டுக்கும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நூறு படிகளுக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு போதும்; ஓவ்செட்டுக்குத் தட்டுச் செலவு சிறிய எண்ணிக்கையில் கட்டாது.

இன்னும் ஒன்று கேட்டு வாங்கலாம். திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் இருபது பாட்டையும் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். 31ஆம் நாள் அது பாடப்படுவதில்லை; இறுதிக் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது பாடுவது. ஆனால் அயலில் அடுத்த துக்கம் நேரும்போது அந்த வீட்டார் புத்தகம் தேடும் நிலையில் இருக்கமாட்டார்கள். அலமாரியில் இருக்கும் இந்த மலரை யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். நாலைந்து பக்கம் கூடும், அவ்வளவுதான்.

அச்சடித்து முடிந்ததும் பிடிஎப் கோப்பை அச்சகத்திடமிருந்து வாங்கி வையுங்கள். பொன்ட் உட்பொதிந்திருக்கிறதா என்று வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டே பணத்தைத் தீர்க்கலாம். ஒரு படியை ஊர் வாசிகசாலைக்கும், இன்னொன்றை 2005 முதல் ஈழத்து நூல்களையும் நினைவு வெளியீடுகளையும் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டத்துக்கும் கொடுக்கலாம்.