குளிரில் கேபின் சூடு: வோல்ட்டின் மின் ஹீட்டரா, பிரையஸ் பிரைமின் ஹீட் பம்ப்பா?

செவர்லே வோல்ட்டும் டொயோட்டா பிரையஸ் பிரைமும் சார்ஜ் செய்யும் பேட்டரியோடு பெட்ரோல் என்ஜினும் உள்ள கார்கள். வோல்ட்டின் (2016–2019) மின் ஹீட்டர், கூலன்ட்டை (வெப்பத்தைக் கடத்தும் திரவம்) சூடாக்கி, பயணிகள் உட்காரும் கேபினுக்கு அனுப்புகிறது. 1 யூனிட் மின்சாரம் செலவானால் 1 யூனிட் வெப்பம்தான், அதற்கு மேல் கிடையாது. 3 கிலோவாட்டில் அரை மணி நேரம் ஓடினாலே ஒன்றரை யூனிட் காலி.

2017 முதல் 2022 வரை வந்த பிரையஸ் பிரைமில் ஹீட் பம்ப் இருக்கிறது. ஏசியைத் திருப்பி ஓட்டுவது போலத்தான்: வெளிக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும். 5 டிகிரி குளிரில் அதே சூட்டுக்குப் பாதி மின்சாரமே போதும். 8.8 யூனிட் பேட்டரிக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் மைனஸ் 10 டிகிரியை நெருங்கினால் பம்ப் தளர்ந்துவிடும், என்ஜின் கிளம்பிவிடும். அமெரிக்காவின் குளிர் மாநிலமான மின்னசோட்டாவில் ஜனவரி மாதம் இது அன்றாடக் கதை. முன்கண்ணாடிப் பனியை நீக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினாலும் என்ஜின் ஓடும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அதன் வடிவமைப்பே அப்படித்தான். வோல்ட்டிலும் கடுங்குளிரில் என்ஜின் தானாக ஓடும். அதைத் தள்ளிப்போட மெனுவில் வழி உண்டு.

குறுகிய பயணத்தில் என்ஜின் அடிக்கடி கிளம்புவதுதான் மோசம்: கூலன்ட் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், பெட்ரோல் வீண், ஆயிலில் ஈரம் சேரும். சார்ஜரில் இருக்கும்போதே கேபினைச் சூடாக்குங்கள். 120 வோல்ட் சார்ஜர் சுமார் 1.4 கிலோவாட்தான் தரும். வோல்ட்டின் ஹீட்டர் மீதியைப் பேட்டரியிலிருந்து எடுக்கும், ஆகவே 240 வோல்ட் நல்லது.

நெடுஞ்சாலையில் இரண்டிலும் என்ஜினை ஓட்டி அதன் கழிவுச் சூட்டில் குளிர்காயுங்கள். பேட்டரியை ஊருக்குள் ஓட்ட வைத்துக்கொள்ளுங்கள். மிதமான குளிருக்கு எங்கள் தேர்வு பிரைம்.