ஐபிஎல் முடிந்த பிறகு கேரம் போர்டு: சில வருட அனுபவம்

ஐபிஎல் இறுதிப் போட்டி முடிந்த மறுநாளும் மாலை ஏழரைக்குக் கை ரிமோட்டைத் தேடும். டிஎன்பிஎல் கொஞ்ச நாள் தாங்கும். பழைய ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்க்கலாம். 2023 இறுதிப் போட்டியில் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் எடுத்தது எனக்கு இன்னும் சலிக்கவில்லை. ஆனாலும் முடிவு தெரிந்த ஆட்டத்தை வைத்து எத்தனை மாலைகளை ஓட்ட முடியும்? புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது கேரம் போர்டுதான். சில வருடங்களாக ஒரே போர்டில் ஆடுகிறோம்.

வடசென்னையில் கேரம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2008இல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடி. இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் போர்டு முன்னால் உட்கார வைத்தேன். இப்போது அவர்களை எழுப்புவதுதான் கஷ்டம்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். போட்டி போர்டின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர், அதாவது 29 அங்குலம். சட்டமும் சேர்ந்தால் சின்ன அறையில் பாதியை அடைத்துவிடும். ஆனாலும் சின்ன போர்டில் பழகிய கை பெரிய போர்டில் தடுமாறும் என்பதால் பெரியதையே எடுத்தோம், அதில் எனக்கு வருத்தமே இல்லை. பிளைவுட் எட்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு: காய்களை அடிக்கும் வட்டான 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் எதிர்ச் சட்டத்தில் அடித்தால் அது மூன்றரை முறையாவது குறுக்கே போய் வர வேண்டும். விதிப் புத்தகத்தில் உள்ள அளவுகோலே இதுதான். அடிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

எங்கள் பகுதியில் போர்டுக்கு எதிரி கடல் காற்று. காசிமேட்டுப் பக்கமிருந்து ஈரக் காற்று வீசும் நாளில் காய் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். வெளிச்சுவரில் சாய்த்து வைத்தால் சுவரின் ஈரத்தைப் பலகை இழுத்துக்கொள்ளும், அதனால் உள்சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறோம். ஆடுவதற்கு முன் தலைக்கு மேலே தொங்கும் குண்டு பல்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ஈரத்துணி கூடவே கூடாது. எல்இடி பல்பில் வெளிச்சம் கிடைக்கும், இந்தச் சூடு கிடைக்காது.

பவுடர் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. போரிக் பவுடர் நன்றாக வழுக்கும், ஆனால் வாயில் போகக் கூடாத பொருள். குழந்தைகள் ஆடும் வீட்டுக்கு வேண்டாம். மாவுச்சத்தில் செய்த டிஸ்கோ பவுடருக்கு மாறினோம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சிட்டிகை போதும்.

சரி, கிரிக்கெட் பைத்தியத்துக்கு இது ஈடாகுமா? எனக்கு ஆகிறது, காரணம் 25 புள்ளிக் கணக்கு. அதை எட்டு போர்டுக்குள் (ஒரு சுற்று ஆட்டத்தைத்தான் ஒரு போர்டு என்போம்) எட்ட வேண்டும், அல்லது எட்டு போர்டு முடிவில் முன்னால் இருக்க வேண்டும். 22ஐத் தொட்டவருக்கு ராணியின், அதாவது ரெட் என்கிற சிவப்புக் காயின், மூன்று புள்ளி சேராது. அதனால் முன்னால் இருப்பவர் கடைசியில் மெதுவாகத்தான் நகர முடியும், பின்னால் இருப்பவருக்கு அந்த ரெட் காயைப் போட்டு, அடுத்தே தன் காய் ஒன்றைப் போட்டுக் கவர் செய்து, ஒரே போர்டில் எட்டிப் பிடிக்க வாய்ப்பு இருக்கும். கடைசி ஓவர்களில் துரத்தும் அணியைப் பார்க்கும்போது வயிற்றில் என்ன பிசையுமோ, அதே பிசைதல்! அதுவும் பார்க்கிற நமக்கு இல்லை, ஆடுகிற நமக்கு.

தனியாக இருப்பவரும் வாங்கலாம். ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் அடுக்கிவைத்து, ஒரு காய்கூடத் தவறாமல் ஒயிட் ஸ்லாம் அடிக்கப் பழகுங்கள். மாதக்கணக்கில் ஓடும்.

மாடி வீட்டில் இருப்பவர்கள் போர்டுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். காய் சட்டத்தில் மோதும் சத்தம் கீழ் வீட்டுக்கு அப்படியே கேட்கும்; இரவு பத்துக்கு மேல் போர்வை போட்டும் ஆட வேண்டாம்.