ஸ்கீ பூட்ஸில் போன 34,500 ரூபாய்: அகலக் கால்காரர்கள் ஏமாறாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, காஷ்மீர் குல்மார்க்கில் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கு, பயிற்சி முடித்துத் திருப்பூர் வந்து சேர்ந்தேன். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டது. வலது நகம் எப்படியும் விழுந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திண்ணையில் ஒரு அட்டைப்பெட்டி கிடக்கிறது. என் 34,500 ரூபாய் அதற்குள்தான் இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன், எனக்கே தெரியும்.

என் கால் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் 26.5 சென்டிமீட்டர்தான். ஆனால் விரல் பக்கம் அகலம் 10.8. மேல்பாதம் மேடு. கட்டைவிரல் அடிமூட்டில் எலும்பு புடைத்து நிற்கும். சின்ன வயதில் தோட்டத்தில் செருப்பில்லாமல் திரிந்த கால், அப்புறம் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தாராபுரம் வழியாகப் பழனிக்கு வெறுங்காலில் நடந்த கால். முறம் மாதிரி விரிந்து கிடக்கிறது. சாதாரண ஷூவே இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்துத்தான் போடுவேன்.

போன வருஷம் நண்பர்களோடு குல்மார்க் போனபோது வாடகை பூட்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் கால் மரத்துவிட்டது. ஆனாலும் சறுக்குகிற ருசி பிடித்துவிட்டது. இந்த வருஷம் பத்து நாள் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். "மழை பேஞ்சா நம்ம வரப்புலயே சும்மா சறுக்கலாம், அதுக்கு எதுக்குடா காஷ்மீரு" என்றார் அப்பா. சொந்தமாக நல்ல பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று நினைத்தேன்.

கோவையில் மலையேற்றச் சாமான் விற்கிற ஒரு கடை. பெயர் வேண்டாம். கூடாரம், முதுகுப்பை, கையுறை எல்லாம் அடுக்கி, சுவரில் பனிமலைப் படம் பெரிதாக மாட்டியிருப்பார்கள். இன்ஸ்டாவில் பார்த்துத்தான் போனேன். அங்கே விற்பனைக்கு நின்ற பையனுக்கு முப்பது வயதிருக்கும். நான் உட்கார்ந்ததும் தரையில் மண்டி போட்டு என் காலை எடுத்துத் தன் முட்டியில் வைத்தான். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "காலைத் தொடாதே தம்பி" என்றேன். "இதுல என்னங்ணா இருக்குது, எங்க பொழப்பே காலுதானுங்களே" என்றான். வெள்ளைத்தாளில் என் பாதத்தை வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, 26.5, 10.8 என்று குறித்துக்கொண்டான். "வெள்ளைக்காரன் காலு ஒல்லிங்ணா. அவன் பூட்ஸ் நமக்குச் சேராது. இருங்ணா, உங்களுக்குன்னே ஒண்ணு வரவெச்சுத் தர்றேன்."

நாற்பது வருஷமாகச் செருப்புக் கடைகளில் எனக்குக் கிடைத்த பதில் "உங்க காலுக்கு இல்லைங்க" என்பதுதான். அப்படிச் சொல்லாமல் மண்டி போட்டு அளந்த முதல் ஆள் இவன். அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

பூட்ஸுக்கு 31,500. ஷெல்லை, அதாவது பூட்ஸின் கெட்டியான பிளாஸ்டிக் வெளிக்கூட்டை, சூடு பண்ணி, எலும்பு புடைத்த இடத்தை வெளியே தள்ளி அகலப்படுத்தித் தர 3,000. மொத்தம் 34,500. முழுத் தொகையும் ஜிபேயில் அப்போதே அனுப்பினேன். கையில் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச்சீட்டு. "ஜிஎஸ்டி பில் போட்டா இன்னும் ஏறுமுங்ணா" என்றான். சரி என்று தலையாட்டினேன். நானும் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு நாள் கழித்து போட்டுப் பார்க்கக் கூப்பிட்டான். கால் அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "வலிக்குதுங்ளா?" இல்லை. "எங்கயாச்சும் புடிக்குதுங்ளா?" இல்லவே இல்லை தம்பி. சந்தோஷத்தில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்தான்.

வலிக்கவில்லை என்பதுதான் ஏமாற்று என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. புது ஸ்கீ பூட்ஸில் கால் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டுமாம். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக உரச வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் குதிகால் பின்னே போய் உட்கார்ந்து விரல் விலக வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் குல்மார்க்கில் இருந்த பயிற்சியாளர். அதற்குள் என் நகம் இரண்டும் கறுத்துவிட்டன.

முதல் நாள் சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் சரிவில் இறங்கியதும் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் உள்ளுக்குள் முன்னால் ஓடி, கட்டைவிரல் பிளாஸ்டிக்கில் இடித்தது. பக்கிளை இறுக்கினால் மேல்பாதத்தில் ரத்த ஓட்டம் நின்று உள்ளங்கால் மரத்தது. தளர்த்தினால் மறுபடி இடி. மூன்றாம் நாள் காலை அந்தப் பயிற்சியாளர் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தை லைனரை வெளியே உருவினார். வெறும் ஷெல்லில் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நிற்கச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னே இரண்டு விரல் போகிற இடம் இருந்தால் சரியான அளவு. அவருடைய நான்கு விரல் போனது.

அப்புறம் குதிப் பக்கத்தில் அச்சாகியிருந்த எண்ணைக் காட்டினார். 326. அடிப்பாகத்தின் நீளம் மில்லிமீட்டரில். இது 28, 28.5 கால்களுக்கான ஷெல் என்றார். 26.5 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் 28.5. வேலையைப் பாருங்கள். ஸ்கீ பூட்ஸில் அளவு எண் என்பது பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். அகலம் தனிக்கணக்கு. 98 மில்லிமீட்டர் என்றால் ஒல்லி, 100 நடுத்தரம், 102 முதல் 104 வரை அகலம். பொதுவாக 26.5 அளவு பூட்ஸுக்குத்தான் இந்தக் கணக்கு. நீளம் கூடினால் அகலமும் கொஞ்சம் கூடும். அகலமான பூட்ஸ் வரவழைக்காமல், 98 மில்லிமீட்டர் வகையிலேயே இரண்டு அளவு நீளத்தைக் கூட்டி என் தலையில் கட்டியிருக்கிறான். முன்பக்கம் வசதி, குதிகால் மட்டும் ஊஞ்சல்.

அந்த 3,000 ரூபாய் வேலை? சூடு பண்ணித் தள்ளிய இடத்தில் ஷெல் வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்குமாம். உள்ளேயும் வெளியேயும் விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஒன்றுமே செய்யவில்லை.

இன்னொன்றும் இருந்தது. குதிகால் பக்கம் எதையோ தேய்த்து அழித்த தடம். வாடகைக் கடைக்குக் கொண்டுபோய் அவர்கள் பூட்ஸ் பக்கத்தில் வைத்தபோது அந்தக் கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர்கள் எல்லா பூட்ஸிலும் அதே இடத்தில்தான் பெயிண்டால் நம்பர் எழுதியிருந்தது. எங்கேயோ வாடகைக்கு ஓடித் தேய்ந்த பூட்ஸ் எனக்குப் புதுசாகி வந்திருக்கிறது. மிச்ச நாளில் இரண்டு நாள் அறையில் படுத்திருந்தேன், மற்ற நாள் வாடகை பூட்ஸில் ஒப்பேற்றினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்தே போன் செய்தேன். "வந்து பேசிக்கலாங்ணா, இப்ப நீங்க என்ஜாய் பண்ணுங்ணா." செவ்வாய்க்கிழமை நொண்டிக்கொண்டே கோவை போனேன். பையன் இல்லை. ஓனர் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. வியாழக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை ஓனர் இருந்தார். "பனியில போட்டுட்டீங்க, இனி அது யூஸ்டு பொருளுங்க. 5,000க்கு வேற ஏதாச்சும் எடுத்துக்குங்க, பேக் கீக்." நான் கொடுத்தது 34,500. ஸ்டிக்கரைக் காட்டினேன். "கம்பெனியில அப்படித்தான் வருதுங்க." தேய்த்த தடத்தைக் காட்டினேன். "ஷோரூம் பீஸுங்க." கடைசியில் அந்தப் பையன், என் காலை முட்டியில் வைத்து அளந்த அதே பையன், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "பூட்ஸ்ல பிரச்சனை இல்லைங்ணா, உங்க காலுதான் பிரச்சனை."

பழனி வரைக்கும் நடந்த கால் அது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அதை இங்கே எழுத முடியாது.

வாங்கும் முறையை விளக்கமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை. லைனரை உருவி வெறும் ஷெல்லில் காலை விட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பெட்டியில் இருப்பதை நம்பாதீர்கள், பூட்ஸில் அச்சாகியிருப்பதைப் படியுங்கள். மெல்லிய சாக்ஸ் ஒன்று மட்டும் போட்டுப் பாருங்கள். கடையில் சொகுசாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சூடு பண்ணி அகலப்படுத்துகிறேன் என்றால் உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள், எஸ்டிமேட் பில் ஆகாது. முதல் தடவை போகிறவர்கள் வாங்கவே வேண்டாம், பனி இருக்கிற ஊரிலேயே நாலைந்து ஜோடி மாற்றி மாற்றி வாடகைக்குப் போட்டுப் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் நேற்று புகார் கொடுத்துவிட்டேன். ஜிபே ரசீது, துண்டுச்சீட்டு, ஸ்டிக்கர் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. சரிப்படவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 34,500 ரூபாய்க்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் வாங்கப்போவதில்லை. வீட்டில் இன்னும் 12,000 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், அது வேறு.

பணம் திரும்பினால் பூட்ஸ் அவர்களிடமே போகட்டும். திரும்பாவிட்டால், 28.5 நீளத்தில் ஒல்லியான கால் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள். வாடகைக்கு ஓடின பூட்ஸ் என்று சொல்லித்தான் தருவேன்.