நியூட்ரிஷன் டயட்டெடிக்ஸ் சேரப் போறவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிருங்க

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்துல இருந்து வீட்டுக்கு போன் வர ஆரம்பிக்கும். நீட் வேண்டாம், மூணு வருஷத்துல டிகிரி, முடிச்ச உடனே ஆஸ்பத்திரில டயட்டீசியன் வேலை, நூறு சதவீதம் கேரண்டின்னு சொல்லுவாங்க. என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. மூணு வருஷமும் ஒன்னேமுக்கால் லட்சமும் போச்சு, கையில இருக்க பேப்பர வச்சு ஒரு ஆஸ்பத்திரிலயும் உள்ள போக முடியல. இடத்தோட பேர நான் இங்க எழுதல, ஏன்னா சட்ட உதவி மையம் மூலமா விஷயம் இன்னும் போயிட்டு இருக்கு. ஆனா எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சா நீங்களே கண்டுபிடிச்சிரலாம், எங்க பக்கத்துலயே இதே மாதிரி வேற இடங்களும் இருக்கு.

நான் 2021 பேட்ச். பரீட்சையே நடக்காம எல்லாரையும் பாஸ் போட்ட வருஷம். கொரோனா நேரம்ங்கிறதால யாரும் நேர்ல போய் காலேஜ் காலேஜா விசாரிக்கிற நிலைமைல இல்ல, அந்த நேரத்த இவங்க நல்லா பயன்படுத்திக்கிட்டாங்க. ஒரு அண்ணன், கன்சல்டன்சி வச்சிருக்கேன்னு சொல்லிட்டு வீட்டுக்கே வந்தாரு, அம்மா குடுத்த காப்பிய குடிச்சிட்டு "பாப்பாவ என் தங்கச்சி மாதிரி பாத்துக்குறேன்மா"ன்னு சொன்னாரு. பி.எஸ்சி நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், ரெகுலர் கோர்ஸ், அரசு அங்கீகாரம் பெற்றது, கடைசி வருஷம் பெரிய ஆஸ்பத்திரில இன்டர்ன்ஷிப், முடிச்சதும் ரிஜிஸ்டர்டு டயட்டீசியன். இதுல ஒன்னு கூட உண்மை இல்லைங்கிறது எனக்கு தெரிய மூணு வருஷம் ஆச்சு.

அங்க ஆபீஸ் ரூம் சுவர் பூரா ஃபிரேம் போட்டு சர்டிபிகேட் மாட்டிருப்பாங்க. ஐஎஸ்ஓ 9001, எம்எஸ்எம்இ பதிவு, டிரஸ்ட் பதிவு. அப்பாவுக்கு அதுல அசோகச் சக்கரத்த பாத்ததுமே நம்பிக்கை வந்துருச்சு. இப்ப சொல்றேன், நல்லா கேட்டுக்கங்க: ஐஎஸ்ஓ ஒரு ஆபீஸ் எப்படி நடக்குதுங்கிறதுக்கு தர்ற சான்று, எம்எஸ்எம்இ பதிவு ஒரு தொழில் நடத்துறேன்னு பதிவு பண்றது, டிரஸ்ட் பதிவு சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல யார் வேணா பண்ணலாம். டிகிரி குடுக்குற அதிகாரம் இதுல எதுலயும் வராது. டிகிரி குடுக்க முடிஞ்சது பல்கலைக்கழகம் மட்டும் தான், காலேஜ்னா ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோட இணைப்புல இருக்கணும், இல்ல நிகர்நிலை பல்கலைக்கழகமா இருக்கணும்.

நான் ஏன் இந்த படிப்ப எடுத்தேன்னு சொல்லிர்றேன். அப்பாவுக்கு சுகர்ல ஆரம்பிச்சு கிட்னி போய் டயாலிசிஸ் வரைக்கும் வந்துருச்சு. மதுரை பெரியாஸ்பத்திரில ஒரு டயட்டீசியன் மேடம் எங்கம்மாவ உக்கார வச்சு பொறுமையா சொல்லிக்குடுத்தாங்க. காய சின்னதா நறுக்கி தண்ணில ஊற வச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, நிறைய தண்ணில வேக வச்சு அதையும் வடிச்சிட்டு சமைங்க, பொட்டாசியம் குறையும்னாங்க. இளநீர் கூடாது, வாழைப்பழம் தக்காளி அளவு பாத்து, ஊறுகாய் அப்பளம் கருவாட்ட விட்ருங்க, உப்புக்கு பதிலா விக்கிற டயட் உப்புலயும் பொட்டாசியம் இருக்கு அதையும் வாங்காதீங்கன்னாங்க. டயாலிசிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்ன புரதத்த குறைக்க சொன்னாங்க, ஆரம்பிச்ச பிறகு முட்டை வெள்ளைக்கரு சேத்துக்க சொன்னாங்க, ஏன் மாத்துறாங்கன்னும் விளக்குனாங்க. அந்த மேடம் மாதிரி ஆகணும்னு தான் நான் இதுக்கு வந்தேன்.

இப்ப அந்த இன்ஸ்டிடியூட்ல நடந்தத கேளுங்க. தெரபியூட்டிக் டயட், அதாவது நோய்க்கு ஏத்த சாப்பாடு பத்தின பாடம் எடுத்தவரு ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சவரு. நோட்ஸ் டிக்டேட் பண்றாரு, "சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர், வாழைத்தண்டு ஜூஸ் தாராளமாகக் கொடுக்கலாம்". எனக்கு கை நடுங்கிருச்சு. எழுந்து சார், எங்கப்பா டயாலிசிஸ் பேஷண்ட், அவருக்கு இளநீரே குடுக்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிருக்காங்க, பொட்டாசியம் ஏறுனா இதயமே நின்னுரும்னு சொன்னாங்கன்னு சொன்னேன். "புக்குல இருக்கத எழுதும்மா, பரீட்சைக்கு அது போதும்"னுட்டாரு. கிளாஸ்ல முப்பது பேரும் அதையே எழுதுனாங்க. அதுல ரெண்டு மூணு பேர் இன்னைக்கு இன்ஸ்டாகிராம்ல டயட்டீசியன்னு போட்டு காசு வாங்கி டயட் சார்ட் குடுக்குறாங்க, அவங்ககிட்ட ஒரு கிட்னி பேஷண்ட் போனா என்ன ஆகும்னு நினைச்சா இப்பவும் எனக்கு தூக்கம் வர மாட்டேங்குது. என் பணம் போனத விட இந்த விஷயம் தான் என்ன இத எழுத வைக்குது.

லேப்னு காட்டுனது ஒரு கேஸ் அடுப்பு, ஒரு மிக்சி, ஒரு தராசு. ஒரு உணவுல புரதம் எவ்வளவுன்னு நைட்ரஜன அளந்து 6.25 ஆல பெருக்கி கண்டுபிடிக்கிற ஜெல்டால் முறை எல்லாம் எங்களுக்கு வெறும் ரெண்டு மார்க் கேள்வி. ஹைதராபாத்ல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (என்ஐஎன்) 2017ல வெளியிட்ட இந்திய உணவுச்சத்து அட்டவணை, 528 உணவுக்கு சத்து விவரம் இருக்க புத்தகம், அத மூணு வருஷத்துல ஒரு தடவ கண்ணுல காட்டல. அந்த என்ஐஎன்னே நம்ம குன்னூர்ல தான் ஆரம்பிச்சது தெரியுமா, 1918ல ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய பத்தி ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்ச சின்ன இடம், 1958ல தான் ஹைதராபாத் போச்சு. மதிய உணவு, சத்துணவு, இப்ப காலை உணவுன்னு இவ்வளவு பண்ண ஊருல இந்த படிப்ப காய்கறில பூ செதுக்குற போட்டியா நடத்துனாங்க. ஆண்டு விழாக்கு வந்தவங்க எல்லாம் கைதட்டிட்டு போனாங்க, எனக்கு அழுகையா வந்துச்சு.

2022 செப்டம்பர்ல புதுமைப் பெண் திட்டம் வந்துச்சு, அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபா. என் கூட ஸ்கூல்ல படிச்சவங்க எல்லாருக்கும் பேங்க்ல ஏறுது, எனக்கு மட்டும் இல்ல. ஆபீஸ்ல கேட்டா "நம்ம காலேஜ் தனியார்ம்மா, அதான் வராது"ன்னாங்க. பொய். தனியார் காலேஜ்ல படிக்கிற என் ஃபிரெண்டுக்கு வந்துச்சு. நாங்க சேந்த இடம் எந்த பல்கலைக்கழகத்தோட லிஸ்ட்லயும் இல்லாததால தான் வரல.

இன்டர்ன்ஷிப்புக்கு தனியா பன்னெண்டாயிரம் வாங்குனாங்க. பெரிய ஆஸ்பத்திரின்னு சொன்னது ஒரு சின்ன நர்சிங் ஹோம், அங்க எனக்கு குடுத்த வேலை கேன்டீன்ல டோக்கன் கிழிக்கிறதும் ரூம் ரூமா இட்லி கொண்டு போறதும். வார்டு ரவுண்ட்ஸ் கிடையாது, கேஸ் ஷீட்ட தொட்டதில்ல, ஒரு நோயாளி நேத்து முழுக்க என்ன சாப்பிட்டாருன்னு கேட்டு எழுதுறது கூட இல்ல. அங்க டயட்டீசியன்னு ஒரு ஆளே இல்ல, யாருகிட்ட கத்துக்கிறது? கடைசில லாக் புக்குல மொத்தமா ஒரே நாள்ல சீல் வச்சு குடுத்தாங்க.

முடிச்சிட்டு மதுரைல ஒரு ஆஸ்பத்திரிக்கு டிரெய்னி இன்டர்வியூ போனேன். சீஃப் டயட்டீசியன் மேடம் அறுபது கிலோ டயாலிசிஸ் பேஷண்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம்னு கேட்டாங்க, அறுபதுல இருந்து எழுபத்திரண்டு கிராம்னு சொல்லிட்டேன், அது எங்கப்பாவால தெரிஞ்சது. அடுத்து, மூக்கு வழியா டியூப்ல சாப்பாடு போற ஒருத்தருக்கு 1500 கலோரி பிளான் போடு, எத்தனை மணிக்கு ஒரு தடவ, எத்தனை எம்எல்னு கேட்டாங்க. எனக்கு அப்படி ஒன்னு பாடத்துல இருக்குன்னே சொல்லித்தரல. அவங்க திட்டல. என் மார்க் ஷீட்ட வாங்கி பாத்து, கீழ பொடி எழுத்துல இருந்த ஒரு வரிய விரல் வச்சு காட்டுனாங்க. வேற மாநிலத்து தனியார் பல்கலைக்கழகம், தொலைதூரக் கல்வி. "தினமும் கிளாஸ் போனியாம்மா?"ன்னு கேட்டாங்க, ஆமா மேடம் காலைல ஒன்பதரைக்கேன்னேன், கொஞ்ச நேரம் ஒன்னுமே பேசல.

அப்புறம் தான் ஒவ்வொன்னா தெரிஞ்சுது. வேற மாநில தனியார் பல்கலைக்கழகம் இங்க ஸ்டடி சென்டர், ஃபிரான்சைஸ்னு வச்சு கிளாஸ் நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறதே இல்ல. எம்.எஸ்சி சேரலாம்னு ஒரு நல்ல காலேஜுக்கு போனேன், பிராக்டிகல் இருக்க படிப்ப இந்த மாதிரி முடிச்சத ஏத்துக்க முடியாதுன்னுட்டாங்க. ரிஜிஸ்டர்டு டயட்டீசியன்ங்கிறது இந்தியன் டயட்டெடிக் அசோசியேஷன் பரீட்சை வச்சு தர்றது, அதுக்கு பொதுவா எம்.எஸ்சியோ டயட்டெடிக்ஸ்ல பிஜி டிப்ளமாவோ முடிச்சு, முறையான ஆஸ்பத்திரில ஆறு மாச இன்டர்ன்ஷிப்பும் பண்ணிருக்கணும். பி.எஸ்சி கையில வந்த அன்னைக்கே ரிஜிஸ்டர்டு டயட்டீசியன் ஆகலாம்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே எந்திரிச்சு வந்துருங்க.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். 2021ல வந்த அலைடு அண்ட் ஹெல்த்கேர் ப்ரொஃபஷன்ஸ் சட்டத்துக்குள்ள டயட்டீசியன், நியூட்ரிஷனிஸ்ட் எல்லாம் வந்தாச்சு. அத காரணமா வச்சு யுஜிசி 2025 ஜூலை ஆகஸ்ட் சேர்க்கைல இருந்து உணவு சத்து அறிவியல், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் இதெல்லாம் தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் புதுசா ஆள் சேர்க்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு. அதுக்கு முன்ன முறையா அனுமதி வாங்கி நடத்துன இடங்களும் இருந்துச்சு, இக்னோ (இந்திரா காந்தி திறந்தநிலை பல்கலைக்கழகம்) டயட்டெடிக்ஸ்ல எம்.எஸ்சியே நடத்துச்சு, அதெல்லாம் படிச்சவங்கள நான் குறை சொல்லல. ஆனா இனிமே ஒருத்தர் வீட்ல இருந்தே டயட்டீசியன் டிகிரின்னு உங்ககிட்ட வந்தா அது நேரடியா விதி மீறல்.

ரெண்டாவது வருஷமே நான் விலகப் பாத்தேன். அட்மிஷன் அன்னைக்கு ப்ளஸ் டூ மார்க் ஷீட், டிசி ரெண்டும் ஒரிஜினல் வாங்கி வச்சுக்கிட்டாங்க, மூணு வருஷ ஃபீஸும் கட்டுனா தான் தருவோம்னாங்க. ஒரிஜினல வாங்கி வச்சுக்கக்கூடாதுன்னு யுஜிசி 2018லயே அறிவிப்பு போட்டிருக்கு, ஃபீஸ் திருப்பி தர்றதுக்கும் அதுல கணக்கு இருக்கு, சேர்க்கை கடைசி தேதிக்கு பதினஞ்சு நாள் முன்ன விலகுனா முழுசா, தேதி முடிஞ்சு முப்பது நாளுக்குள்ளன்னா கூட பாதி. அத பிரிண்ட் எடுத்துட்டு போய் காட்டுனேன், நாங்க யுஜிசிக்கு கீழ வரலம்மான்னு அவங்க வாயாலயே சொன்னாங்க, சேக்கும்போது அங்கீகாரம்னு சொன்ன அதே வாய்.

கடைசில திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுத்தேன், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் போனேன். பொண்ணுங்களுக்கு அங்க வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் வச்சு தருவாங்க, 1987 சட்டத்துலயே இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியல. அங்க இருந்து நோட்டீஸ் போன பிறகு தான் ஒரிஜினல் கைக்கு வந்துச்சு. பணம் இன்னும் வரல. நான் இப்ப ஒரு அரசு உதவி பெறும் காலேஜ்ல ஹோம் சயின்ஸ் டிபார்ட்மென்ட்ல முதல் வருஷத்துல இருந்து மறுபடி படிக்கிறேன், இங்க நிஜமான லேப் இருக்கு, பாடம் எடுக்குறவங்க அந்த பாடத்த படிச்சவங்க.

சேரப் போறவங்க காலேஜ் பேர அது சொல்ற பல்கலைக்கழகத்தோட வெப்சைட்ல இணைப்புக் கல்லூரி பட்டியல்ல தேடுங்க, காலேஜ் மட்டும் இருந்தா பத்தாது, இந்த கோர்ஸ் பேரும் இருக்கணும். போன வருஷம் முடிச்ச அக்காங்க ரெண்டு பேர் நம்பர கேளுங்க, அவங்க மார்க் ஷீட்ட போட்டோ அனுப்ப சொல்லி பொடி எழுத்த படிங்க. இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுட்டு அந்த ஆஸ்பத்திரி டயட்டரி டிபார்ட்மென்டுக்கே போன் பண்ணி இவங்க பிள்ளைங்க வர்றாங்களான்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். அரசு கலைக் கல்லூரில ஃபீஸ் வருஷத்துக்கு சில ஆயிரம் தான், எல்லா ஊர்லயும் இந்த கோர்ஸ் இருக்காது, ஆனா முதல்ல அத பாருங்க. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மாதிரி இந்த துறையிலேயே பேர் வாங்குன இடங்களும் நம்மகிட்ட இருக்கு.

ஏற்கனவே இந்த மாதிரி இடத்துல மாட்டிருக்கவங்க சண்டை போடறதுக்கு முன்னாடி ரசீது, நோட்டீஸ், ஐடி கார்டு, அவங்க அனுப்புன வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் காப்பி எடுத்து வீட்டுக்கு வெளிய ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்க. ரெகுலர் கோர்ஸ்னு அந்த அண்ணன் அனுப்புன ஒரு வாய்ஸ் மெசேஜ நான் அழிக்காம வச்சிருந்தேன், வக்கீல் மேடம் முதல்ல கேட்டதே அத தான்.