காலைப் பேச்சைத் தவிர்த்துவிடுங்கள், கோ-கார்ட் போதும்

பந்தயக் கார் ஓட்டுவதன் வழியாக வாழ்க்கைச் சிக்கல்களைச் சமாளிக்கக் கற்றுத்தரும் ஒருநாள் பயிற்சி. சென்னைக்கு வெளியே ஒரு கோ-கார்ட் (குட்டிப் பந்தய வண்டி) தளத்தில் நடக்கிறது. கட்டணம் 3,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. சோழவரம் பழைய விமான ஓடுதளத்துப் பந்தயங்களை அப்பா வாய் ஓயாமல் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால்தான் பணம் கட்டினேன்.

காலை முழுக்கக் குளிரூட்டிய அறையில் பேச்சு. வேகம், வெற்றி, விடாமுயற்சி என்று திரையில் பெரிய எழுத்துகள். நடுவே ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் நிக்கி லாடாவின் கதை. 1976 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்தில் கார் மோதித் தீயில் வெந்து சாவின் விளிம்புக்குப் போனவர், ஆறே வாரத்தில் தலையில் காயக்கட்டோடு இத்தாலியின் மொன்சாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். எல்லோரும் கை தட்டினோம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் ஃபுஜியில், கொட்டும் மழையில் ஓட்டுவது மடமை என்று காரை நிறுத்திவிட்டு இறங்கியவரும் அவர்தான். அதனால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் போட்டியாளர் ஜேம்ஸ் ஹன்ட்டிடம் அந்த ஆண்டின் உலகப் பட்டத்தை இழந்தார். 1977இல் பட்டத்தை மீண்டும் வென்றார். இரண்டு மருந்துக் கடைகளில் ஒன்றை மூடுவதா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு மொன்சாவைவிட ஃபுஜிதான் தேவைப்பட்டது. அதைப் பற்றிக் கேட்டேன். 'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

சாப்பாடு சுமார். தயிர்சாதம் மட்டும் தேறும்.

மதியம்தான் கொடுத்த காசுக்கு வேலை நடந்தது. பயிற்சி தந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், வாழ்க்கை என்ற சொல்லையே எடுக்கவில்லை. "வளைவுக்கு முன்னால், வண்டி நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள் அக்கா" என்றான். டயருக்கு உள்ள பிடிமானம் ஓரளவுதான். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதைப் பங்கிட வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் முழுதாகக் கேட்டால், பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உள்ள இந்த வண்டி சுழன்று நின்றுவிடும். சுழன்றும் நின்றது. ஓரத்து டயர் அடுக்கையே பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும், வெளியேறும் இடத்தைப் பாருங்கள் என்றான். மொத்த வியாபாரியின் பாக்கியையும் ஆள்குறைப்பையும் ஒரே வாரத்தில் தலையில் ஏற்றிக்கொண்டு திணறும் எனக்கு, காலையில் கேட்டதையெல்லாம்விட இது உறைத்தது.

ஆனாலும் பந்தயத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தளத்தில் முன்னால் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி, முந்தக் கூடாது. வேகமானவர் பின்னால் வந்தால் நீலக் கொடி, வழிவிட வேண்டும். எங்கள் தெருவில் எனக்கு யார் கொடி காட்டினார்கள்? எதிரே பெரிய நிறுவனத்தின் மருந்துக் கடை வரப்போவது, பெயர்ப்பலகை ஏறிய பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றியும் காலையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

குறைகள்: ஹெல்மெட்டின் உட்பஞ்சு ஈரவாடை வீசியது. இருக்கையை நகர்த்த முடியாததால், குட்டையான என் முதுகுக்குப் பின்னால் மெத்தை வைத்த பிறகே பெடல் எட்டியது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

துப்பட்டா அணிந்து ஏற விடமாட்டார்கள், முடியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், மூடிய காலணி கட்டாயம். மதிய வகுப்பை மட்டும் கேட்டால் 1,800 ரூபாய்க்குத் தருகிறார்கள். விளம்பரத்தில் அது இல்லை, தொலைபேசியில் கேட்க வேண்டும்.