பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. மாத்திரை: ஐந்துக்கு நான்கு

தசைகள் சீக்கிரம் தளர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் என்று தெரிந்ததும் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது இந்த மாத்திரைதான். சொன்ன வேலையைச் செய்கிறது, ஆனால் நோயைக் குணப்படுத்தும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். தசையை இயக்க நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் தசை ஏற்பிகளை நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அடித்து நொறுக்குகிறது, இந்த மாத்திரை அந்த அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்தத் தாக்குதலை அடக்க ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும் அசதியோபிரின், சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை எடுக்கும் அறுவை சிகிச்சை என்று தனி வைத்தியம் உண்டு.

போட்ட அரை மணி, முக்கால் மணியில் வித்தியாசம் தெரிகிறது. கருவிழியைப் பாதி மூடிக்கிடந்த இடது இமை மெல்ல மேலேறும், இரண்டாகத் தெரிந்த கதவுப்பிடி ஒன்றாகும். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும், அப்புறம் பழைய கதைதான். அதனால் எனக்கு மருத்துவர் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொன்னார். பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துபோய், முகவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மென்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒரு மதிப்பெண் குறைத்தது வயிற்றுக்காக. பிசையும், பேதியாகும், எச்சில் ஊறும், சதை துடிக்கும். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பாட்டுக்கு முன்னாலேயே கொஞ்சம் ஏதாவது கொறித்துவிட்டுப் போட்டால் பரவாயில்லை. கூடவே வரும் தாளைப் பற்றியும் சொல்லணும்: இரட்டைப் பார்வைக்காரர்கள் படிக்க இவ்வளவு பொடி எழுத்தா?

பலன் போதவில்லை என்று நாமாக ஒன்று கூட்டிப் போடவே கூடாது, அளவு மிஞ்சினாலும் தசை தளரும், அது நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று நமக்குப் பிரித்துத் தெரியாது. ஏற்பிகளுக்குப் பதிலாக மஸ்க் (MuSK) என்ற தசைப் புரதத்தை உடம்பு தாக்கும் மஸ்க் எதிர்ப்பொருள் வகைக்காரர்களுக்கு இது பல நேரம் அவ்வளவாக உதவாது, அவர்கள் என் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்க வேண்டாம். காய்ச்சலுக்கோ சளிக்கோ வேறு மருத்துவரிடம் போனால் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள், சிப்ரோஃப்ளோக்சசின், அசித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் தளர்ச்சியைக் கூட்டிவிடும்.

இன்னும் நோய் என்னவென்றே தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு: காலையில் தெளிவாக இருந்து பொழுது சாயச் சாய இமை சரிவது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, சற்று ஓய்வெடுத்தால் சரியாவது என்றிருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனாலோ மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.