உருக்குவதா, சிதைப்பதா, எரிப்பதா?

பிளாஸ்டிக் மறுசுழற்சி முறைகளை ஒப்பிடுவோர் எத்தனை டன் கழிவு குறைந்தது என்றே பெரும்பாலும் கணக்கிடுகின்றனர். அவ்வேலையில் கிளம்பும் நச்சு யாருடைய உடலுக்குள் போகிறது என்று பார்த்தால், நவீனமானது என விளம்பரப்படுத்தப்படும் முறை பின்வரிசைக்குப் போய்விடுகிறது.

தரம் பிரித்து, அரைத்து, கழுவி, உருக்கிக் குருணையாக்கும் இயந்திர முறையே இன்றும் முதலிடத்துக்கு உரியது. ஆனால் தரம் பிரித்தல் சரியாக நடந்தால் மட்டுமே. அரைத்த துண்டுகளைத் தண்ணீரில் கொட்டினால் பாலித்தீன் மூடிகள் மிதந்துவிடும், பாட்டில் செய்யப்படும் பெட் (PET) பிளாஸ்டிக்கின் துண்டுகள் மூழ்கிவிடும். சிக்கல் என்னவென்றால், சில லேபிள்களில் இருக்கும் பிவிசியும் ஏறத்தாழ அதே அடர்த்தி கொண்டிருப்பதால் பெட்டுடன் சேர்ந்தே மூழ்குகிறது. பெட் உருக 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு எனும் அமில வாயுவைக் கக்க, முதலில் எரிவது உலை அருகே நிற்பவரின் தொண்டைதான்.

கழுவுநீரும் இம்முறையின் பலவீனமே. பிரிட்டனில் ஓர் ஆலையை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, உள்ளே வந்த பிளாஸ்டிக்கில் 13% வரை நுண்துகளாகக் கழுவுநீரில் வெளியேறக்கூடும் என்றும், வடிகட்டி பொருத்திய பின் அது 6% அளவுக்குக் குறையும் என்றும் மதிப்பிட்டது. மின்சாதன உறைகளில் தீத்தடுப்புக்காகச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்கள், மறுசுழற்சியின் வழியே கறுப்புச் சமையல் கரண்டி வரை வந்துசேர்வதும் உண்டு. (2024-இல் இதைச் சொன்ன ஓர் ஆய்வு, பாதுகாப்பு வரம்பைப் பத்து மடங்கு குறைத்துக் கணக்கிட்டுப் பின்னர் திருத்தியது, கணக்குதான் பிழை, கரண்டியில் சேர்மம் இருந்தது பிழையன்று.)

ஆக்சிஜன் இல்லாமல் 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் பைரோலிசிஸ்தான் விளம்பரப்படுத்தப்படும் அந்த நவீன முறை. அது கலப்புக் கழிவையும் ஏற்கும் என்று சொல்லப்படுகிறது. உண்மையில் இங்கும் பிவிசி நுழைந்தால் அமிலமும் குளோரின் கலந்த எண்ணெயுமே மிஞ்சும். பென்சீன் போன்ற புற்றுநோய்க் காரணிகளும் உருவாகின்றன. அந்த எண்ணெய் எரிபொருளாகவே முடியுமானால், அதை மறுசுழற்சி என்பது பெயரளவில்தான். பெட்டை மட்டும் அதன் மூலக்கூறுகளாகப் பிரிக்கும் வேதிமுறை இதைவிட நேர்மையானது. சாயத்தையும் சேர்மானங்களையும் அகற்றிவிடும் என்றாலும், கரைப்பான்களைக் கசியாமல் கையாள வேண்டும்.

எதற்கும் உதவாத கலப்புக் கழிவுக்கு, பைரோலிசிஸ் ஆலையைவிடக் கட்டுப்பாடான எரிஉலையையே தேர்ந்தெடுப்பேன். எரிக்கும்போது உருவாகும் கொடிய நச்சுகளான டயாக்சின்கள் சிதைய, வாயு 850 டிகிரியில் குறைந்தது 2 விநாடி நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அப்போதும் நச்சு முழுதாக ஒழிவதில்லை. வடிகட்டியில் பிடிபடும் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களோடு டயாக்சினும் தங்குவதால், அந்தச் சாம்பலைத் தனியே, நீர் புகாத இடத்தில் புதைத்தாக வேண்டும். குப்பைமேட்டில் வைக்கும் தீயிலோ அந்தச் சூடும் இல்லை, வடிகட்டியும் இல்லை. அந்தப் புகை நேரே அண்டை வீடுகளுக்குள் போகிறது.